.315 ரைஃபிள்: குழலை மாற்றும் முன் ஒரு துண்டு ஈயம் வாங்குங்கள்

கேள்வி சுருக்கமாக இது. வேளச்சேரியில் இருக்கும் தம்பி ஒருவருக்கு, இறந்துபோன பெரியப்பாவின் பழைய பி.எஸ்.ஏ. .315 ரைஃபிள் வாரிசு லைசென்ஸ் வழியாகக் கைக்கு வந்திருக்கிறது. ரேஞ்சுக்குக் கொண்டுபோய்ச் சுட்டிருக்கிறார். 50 மீட்டரில் ஐந்து தோட்டாவும் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குச் சிதறியிருக்கின்றன. குழலுக்குள் பார்த்தால் இருட்டு. "குழலை மாற்றலாமா, புதிதாக இஷாப்பூர் தொழிற்சாலை ரைஃபிள் ஒன்று வாங்கிவிடலாமா? கட்கி தொழிற்சாலையின் கே.எஃப். தோட்டாவை விட்டால் வேறு கதியே இல்லையா? வெளிநாட்டு 8×57 தோட்டாவும் 8 மி.மீ. தானே, அது போகும் என்று ஒருவர் சொல்கிறார், போகுமா சார்?" என்று கேட்கிறார்.

சரி தம்பி, பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். 8×57-ஐக் கனவிலும் போடாதீர்கள். குழலை இப்போதைக்கு மாற்றாதீர்கள். கே.எஃப். தோட்டாவே போதும். ஆனால் அடுத்த தோட்டா சுடும் முன் குழலை அளந்துவிடுங்கள். நான் துப்பாக்கிக் கடை ஒன்றின் பழுதுபார்க்கும் மேசையில் 22 வருஷம் உட்கார்ந்தவன். "குழல் போயிடுச்சு" என்று வந்தவற்றில் பாதிக்கு மேல் குழல் நன்றாகத்தான் இருந்தது. போனது வேறு ஏதோ.

.315 என்பது அளவு இல்லை, பெயர். எல்லாக் குழப்பமும் இங்கே ஆரம்பிப்பதால் இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். குழலின் உட்சுவரில் சுருளாக வெட்டியிருக்கும் பள்ளங்களைக் கடையில் மரை என்றுதான் சொல்வோம். இரண்டு பள்ளங்களுக்கு நடுவே ஒரு மேடு இருக்கும். எதிரெதிர் மேடுகளுக்கு இடையே அளந்தால் 0.315 அங்குலம், அதாவது 8 மில்லிமீட்டர். பெயர் அங்கிருந்து வந்தது. பள்ளத்துக்குப் பள்ளம் அளந்தால் 0.323 அங்குலம் பக்கம் வரும், அதாவது 8.2 மி.மீ. தோட்டாவின் நுனியிலிருந்து பறந்து போகும் குண்டின் பருமனும் அதுதான், ஏனென்றால் குண்டு பள்ளத்தை அடைத்துக்கொண்டு போனால்தான் சுழலும், பின்னால் தள்ளும் வாயு பக்கவாட்டில் கசியாது. .303-லும் இதே கதைதான். பெயரில் .303 இருந்தாலும் குண்டு 0.311.

இந்தத் தோட்டா நம் ஊரில் பிறந்ததும் இல்லை, இங்கிலாந்தில் பிறந்ததும் இல்லை. ஆஸ்திரிய-ஹங்கேரிய ராணுவம் 1888-இல் தன் மான்லிக்கர் ரைஃபிளுக்காகக் கரும்பொடி நிரப்பி எடுத்துக்கொண்ட 8×50 ஆர் தோட்டாதான் இது. புகையில்லா வெடிமருந்துக்கு 1890-இல் மாறினார்கள். 50 என்பது பித்தளைக் கூட்டின் நீளம் மில்லிமீட்டரில். ஆர் என்றால் அடியில் விளிம்பு வெளியே துருத்திக்கொண்டிருக்கும் வகை. அது எப்படி இங்கே வந்தது? வெள்ளைக்காரன் பயந்தான், அதனால் வந்தது. பட்டாளத்தின் தோட்டா கலகக்காரர்கள் கைக்குப் போய்விடக் கூடாது என்று .303 போன்ற ராணுவ அளவுகளைத் தனியாருக்கு இந்தியாவில் தடுத்தார்கள். பர்மிங்காமின் பி.எஸ்.ஏ. கம்பெனி பார்த்தது. லீ ரைஃபிளின் போல்ட் அமைப்பு (தோட்டாவை உள்ளே தள்ளிப் பின்னால் பூட்டும் இரும்புத் தண்டு) கையில் இருக்கிறது, .303-க்கு ஏறக்குறைய ஒத்த விளிம்புள்ள, ஆனால் இந்தியாவில் எந்தப் பட்டாளத்திடமும் இல்லாத தோட்டா ஒன்று வேண்டும். மான்லிக்கரின் 8 மி.மீ. கச்சிதமாகப் பொருந்தியது. பெயரை .315 ஆக்கி விற்றார்கள். சுதந்திரம் வந்தும் சட்டம் அந்தப் பாதையிலேயே நடந்தது. .303 இன்றும் தடைசெய்யப்பட்ட அளவு, .315 லைசென்ஸுக்குள் அடங்கும் அளவு. அதனால்தான் மற்ற நாடுகளில் பழம்பொருள் சேகரிப்பவர்கள் மட்டும் தேடும் இந்தத் தோட்டா, இங்கே இன்னும் தொழிற்சாலையில் உருவாகிறது. வடக்கே பத்திரிகைச் செய்தியில் .315 என்று வந்தால் பெரும்பாலும் அது கள்ளத் துப்பாக்கிச் செய்தி. நம் பக்கம் இந்தப் பெயரே பலருக்குத் தெரியாது, நல்லதுதான்.

இப்போது அந்த 8×57 யோசனைக்கு வருவோம். மயிலாப்பூர் மாடவீதியில் நின்று "முருகா" என்று கூப்பிட்டால் பத்துப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள். 8 மி.மீ. என்ற பெயரும் அப்படித்தான். உங்களுடையது 8×50 ஆர். 8×57 என்பது ஜெர்மன் மௌசர், விளிம்பு துருத்தாத நீளமான கூடு, அழுத்தமும் அதிகம். அதிலேயே இரண்டு வகை உண்டு, பழையதற்கு 0.318 குண்டு, பிந்தையதற்கு 0.323. பிரெஞ்சுக்காரர்களின் லெபல் தோட்டாவும் 8×50 ஆர் தான், பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்று, கூடு வேறு. மான்லிக்கரிலேயே பின்னால் வந்த 8×56 ஆர் ஒன்று இருக்கிறது, அதன் குண்டு 0.329. இணையத்தில் "8 மி.மீ. மான்லிக்கர்" என்று தேடினால் முதலில் கண்ணில் படுவது அனேகமாக அதுதான். 0.323 குழலுக்குள் 0.329 குண்டைத் திணித்துச் சுட்டால் அழுத்தம் எங்கே போய் நிற்கும் என்று யோசித்துப் பாருங்கள். உங்கள் முகம் போல்ட்டுக்குப் பின்னால் நான்கு விரல் தள்ளி இருக்கிறது.

8×57 உங்கள் ரைஃபிளில் முழுசாக உட்காராது, போல்ட் மூடாது. ஆபத்து என்னவென்றால் மூடாத போல்ட்டை உள்ளங்கையால் ஓங்கித் தட்டி மூடப் பார்க்கும் ஆட்கள் இருக்கிறார்கள். விரலால் தள்ளினால் மூடாத போல்ட் ஏதோ சொல்ல வருகிறது, நிறுத்திவிட வேண்டும். இது போதாதென்று சட்டச் சிக்கல் வேறு. உங்கள் லைசென்ஸ் புத்தகத்தில் இருக்கும் ஆயுதத்துக்கு, அதில் சொன்ன எண்ணிக்கைக்குள், லைசென்ஸ் உள்ள கடையில் பதிவு போட்டு வாங்கியதுதான் உங்கள் தோட்டா. யாரோ அன்போடு கொடுத்த ஒரே ஒரு தோட்டா பாக்கெட்டில் இருந்தாலும் அது வழக்குதான்.

அடுத்து அளவெடுப்பது. காசிமேட்டுப் பக்கம் வலைக்கும் தூண்டிலுக்கும் ஈயக்குண்டு விற்கிறார்கள் இல்லையா, அதில் மெத்தென்ற ஈயமாக, குழல் வாயைவிட ஒரு மயிரளவு பருமனாக நாலு துண்டு வாங்குங்கள். ரைஃபிளில் தோட்டா இல்லை என்பதை இரண்டு தடவை பாருங்கள். லீ ரைஃபிளில் ஒரு சௌகரியம், போல்ட்டைக் கழற்றினால் பின்பக்கம் முழுசாகத் திறந்துவிடும். போல்ட்டைக் கழற்றி மேசையின் மறுகோடியில் வைத்துவிடுங்கள். குழலைத் துடைத்து, உள்ளே லேசாக எண்ணெய் விட்டு, ஈயத்தை வாய்ப்பக்கம் வைத்து மரச் சுத்தியலால் ஒரு தட்டு. ஓரத்தில் மோதிரம்போல ஈயம் சீவிக்கொண்டு வரும், அது வந்தால் ஈயம் பள்ளத்தை நிரப்பிவிட்டது என்று அர்த்தம். அப்புறம் பித்தளைக் கம்பியால் மெதுவாகப் பின்பக்கம் வரை தள்ளுங்கள்.

தள்ளும்போது கையைக் கவனியுங்கள். இந்த வேலையில் பாதி விஷயம் கைக்குத்தான் தெரியும். நல்ல குழலில் ஈயம் ஒரே சீரான இறுக்கத்தில் போகும். திடீரென்று வழுக்கிக்கொண்டு ஓடினால் அந்த இடத்தில் குழல் அகன்றிருக்கிறது. ஓரிடத்தில் மட்டும் அப்படி விட்டுக்கொடுத்தால் வீங்கிய குழலாக இருக்கலாம். எப்போதோ உள்ளே ஏதோ அடைத்திருக்கும்போது சுட்டிருப்பார்கள். வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்தால் அந்த இடத்தில் ஒரு நிழல் வளையம் தெரியும். அப்படித் தெரிந்தால் மேற்கொண்டு படிக்க வேண்டாம், அந்தக் குழலில் இனி சுடக் கூடாது.

வெளியே வந்த ஈயத்தை மைக்ரோமீட்டரில் அளக்க வேண்டும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. என்ஃபீல்டு வம்சத்துக் குழல்களில் ஐந்து பள்ளம் இருக்கும். ஒற்றைப்படை என்பதால் பள்ளத்துக்கு நேர் எதிரே பள்ளம் இருக்காது, மேடுதான் இருக்கும். சாதாரண வெர்னியரை வைத்தால் அளவு குறைவாகக் காட்டி உங்களை ஏமாற்றும். உங்கள் ஈயத்தில் முதலில் பள்ளங்களை எண்ணுங்கள். நாலோ ஆறோ என்றால் கவலையில்லை. ஐந்து என்றால் வி வடிவ அடி வைத்த மைக்ரோமீட்டர் வேண்டும். கிண்டியிலோ அம்பத்தூர் எஸ்டேட்டிலோ டூல்ரூம் வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் அளந்து தருவார்கள். ஈயத்தை மட்டும் கொண்டுபோங்கள், ரைஃபிளைத் தூக்கிக்கொண்டு போய் நிற்காதீர்கள். 0.323, 0.324 என்று வந்தால் சந்தோஷமாக வீட்டுக்குப் போகலாம். 0.325 என்றாலும் நான் விட்டுவிட மாட்டேன், சுட்டுப் பார்ப்பேன். 0.327 தாண்டினால் குண்டு உள்ளே கைவீசிக்கொண்டு போகிறது என்று அர்த்தம்.

அளக்கும் முன்பே ஒரு சாட்சி உங்கள் கையில் இருக்கிறது, நீங்கள் சுட்ட காகிதம். ஓட்டைகள் வட்டமாக இருக்கின்றனவா, சாவித்துளைபோல நீண்டிருக்கின்றனவா? நீண்டிருந்தால் குண்டு பக்கவாட்டில் புரண்டு விழுகிறது, மரை அதைப் பிடித்துச் சுழற்றவில்லை. இந்தத் தோட்டாவின் மூல ராணுவக் குண்டு 15.8 கிராம். நீளமான, மூக்கு மழுங்கிய, கனமான குண்டு. அதை நிமிர்த்தி நிறுத்த வேகமான சுழற்சி வேண்டும். ஆஸ்திரியர்கள் 250 மி.மீ.க்கு ஒரு சுற்று கொடுத்தார்கள். உங்கள் குழலின் சுற்றையும் பார்த்துவிடலாம். தானாகச் சுழலும் கைப்பிடி வைத்த துடைப்புக் கம்பியில் இறுக்கமாகத் துணி சுற்றி உள்ளே தள்ளுங்கள், கம்பியில் ஒரு பேனாக் கோடு போடுங்கள், கோடு ஒரு முழுச்சுற்று வரும்வரை கம்பி எவ்வளவு நகர்ந்தது என்று ஸ்கேல் வைத்துப் பாருங்கள். ஓட்டைகள் வட்டமாக இருந்து, சிதறல் மட்டும் பெரிதாக இருந்தால் குற்றவாளி அனேகமாகக் குழல் இல்லை.

பின்னே யார்? எனக்கு முதல் சந்தேகம் மரக்கட்டைமேல்தான். லீ ரைஃபிளில் விசைக்காப்புக்கு முன்னால் ஒரு பெரிய திருகு இருக்கும். கட்டையையும் இரும்பையும் சேர்த்துப் பிடிப்பது அதுதான். பெரியப்பா காலத்தில் முடுக்கியதாக இருக்கும். அது ஒரு முக்கால் சுற்றுத் தளர்ந்தாலே தட்டு அகலம் சிதறல் வந்துவிடும். அடுத்தது சென்னை. மே மாதம் சுருங்கிக் கிடக்கும் மரம் நவம்பர் மழையில் வீட்டுக் கதவுபோலப் பிதுங்கும், குழலை ஒரு பக்கமாகத் தள்ளும். குழலுக்கும் முன்கட்டைக்கும் நடுவே பத்து ரூபாய்த் தாளை நுழைத்து இழுத்துப் பாருங்கள். ஒரு பக்கம் சுலபமாகப் போய் மறுபக்கம் மாட்டினால் விஷயம் தெரிந்துவிட்டது. இந்தச் சரிபார்ப்பையெல்லாம் நீங்களே செய்யலாம். மரத்தைச் சீவும் வேலையை மட்டும் லைசென்ஸ் உள்ள பழுதுபார்ப்பவரிடம் விடுங்கள்.

துரு விஷயத்தில் நானே பட்டிருக்கிறேன். 2015 டிசம்பர் வெள்ளத்தில் கோட்டூர்புரத்து வீடு ஒன்றில் கான்வாஸ் உறையோடு முங்கிய ரைஃபிள் என் மேசைக்கு வந்தது. குழலைக் கழுவினேன், காயவைத்தேன், எண்ணெய் போட்டேன், போல்ட்டைப் பிரித்துத் துடைத்தேன். வாய் கண்ணாடிபோல மின்னியது. ஒன்றைச் செய்யவில்லை. முன்கட்டையைக் கழற்றவில்லை. திருகு பிடித்துக்கொண்டு வரவில்லை, சரி உள்ளே எங்கே தண்ணீர் போயிருக்கப் போகிறது என்று விட்டுவிட்டேன். இரண்டு மாதம் கழித்து அதே ரைஃபிள் திரும்பி வந்தபோது கட்டையைக் கழற்றினால், குழலின் அடிவயிறு முழுக்க மிளகு தூவியதுபோலக் குழி. சோம்பல் என்னுடையது, குழி அவருடைய குழலில். உங்களுடையதையும் ஒருமுறை கட்டையைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். தேர்தல் வரும்போதெல்லாம் ஆயுதத்தை ஒப்படைத்துவிட்டு வாரக்கணக்கில் காத்திருக்கிறோம், அதற்குக் கொடுக்கும் முன் உள்ளும் புறமும் கெட்டி எண்ணெய் பூசுங்கள், நுரைப் பஞ்சு வைத்த ரெக்சின் உறையில் போட்டுக் கொடுக்காதீர்கள். அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். திரும்ப வாங்கிய அன்றே துடையுங்கள்.

குழலுக்குள் தெரியும் இருட்டுக்கு இரண்டு காரணம் உண்டு. ஒன்று படிமம், இன்னொன்று அரிப்பு. படிமம் போகும், அரிப்பு போகாது. பல வருஷச் செம்புப் படிமத்தை எடுக்கச் செம்பு கரைப்பான் போட்டுத் துணி விட்டால், துணி மயில் கழுத்து நிறத்தில் வெளியே வரும். நிறம் நிற்கும்வரை தினமும் கொஞ்சம் என்று மூன்று நாள், நாலு நாள்கூட ஆகும். அந்தக் கரைப்பான்களில் அம்மோனியா இருக்கும். டப்பாவில் சொன்ன நிமிஷத்துக்கு மேல் குழலுக்குள் ஊறவிட வேண்டாம்.

அரிப்புக்கு மூலம் ப்ரைமர், அதாவது தோட்டாவின் அடியில் ஊசி குத்தியதும் முதலில் பற்றும் சின்ன மூடி. பழைய தோட்டாக்களின் ப்ரைமரில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. சுட்டபின் அது பொட்டாசியம் குளோரைடாகக் குழலுக்குள் ஒட்டிக்கொள்கிறது. பெயர்தான் பெரிசு, உப்பின் தம்பி அது. மழைக்காலத்தில் சமையலறை உப்பு ஜாடி எப்படி நீர் விட்டுக்கொண்டு நிற்கும்? குழலுக்குள் அதேதான் நடக்கிறது, கடற்கரை ஊரில் இன்னும் வேகமாக. இங்கேதான் எல்லோரும் தப்பு செய்கிறார்கள், எண்ணெய் விட்டுத் துடைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறார்கள். உப்பு எண்ணெயில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். எந்தத் தேதித் தோட்டா என்று தெரியாவிட்டால் உப்பு இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். சுட்ட அன்றைக்கே போல்ட்டைக் கழற்றி, புனல் வைத்துப் பின்பக்கமாக ஒரு கெட்டில் கொதிநீர். சூட்டில் குழல் தானாகவே காய்ந்துவிடும். பிறகு இரண்டு உலர்ந்த துணி, கடைசியில் எண்ணெய். போல்ட்டின் முகத்தையும் ஈரத்துணியால் துடைத்துக் காயவையுங்கள், அங்கேயும் அந்த உப்பு இருக்கும். துடைப்புக் கம்பியை எப்போதும் பின்பக்கத்திலிருந்தே விடுங்கள். வாய்ப்பக்கமாக விட்டு விட்டே வாயின் விளிம்பைத் தேய்த்துக் கோணலாக்கிய ரைஃபிள்கள் ஏராளம். குண்டு கடைசியாகத் தொட்டுவிட்டுப் போகும் இடம் அது, அங்கே ஒரு பக்கம் தேய்ந்திருந்தால் உள்ளே மரை எவ்வளவு கூர்மையாக இருந்தும் பிரயோஜனம் இல்லை. பூதக்கண்ணாடி வைத்து வாயைச் சுற்றிப் பாருங்கள்.

இவ்வளவும் பார்த்து, 0.327-க்கு மேல்தான் வருகிறது, ஓட்டையும் நீண்டிருக்கிறது என்றால் அப்போது குழல் மாற்றுவதைப் பேசலாம். பேசிவிட்டு வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன். 1959 ஆயுதச் சட்டப்படி ஆயுதத்தின் பாகமும் ஆயுதம்தான், குழல் என்பது கடையில் கேட்டு வாங்கும் ஸ்பேர் பார்ட் கிடையாது. வாய் தேய்ந்திருக்கிறது, ஒரு அங்குலம் வெட்டிவிட்டால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். லைசென்ஸ் இல்லாமல் குழலைக் குட்டையாக்குவதை அந்தச் சட்டத்தின் 6-ஆம் பிரிவு குற்றம் என்கிறது. முறையாகவே மாற்றினாலும் புதுக் குழலுக்கும் போல்ட்டுக்கும் இடையே தோட்டா விளிம்பு உட்காரும் இடைவெளியைச் சரிசெய்து, சோதித்து, பதிவுகளைத் திருத்தி முடிப்பதற்குள் புது ரைஃபிளே வாங்கிவிடலாம். அதோடு அது பெரியப்பாவின் ரைஃபிளாகவும் இருக்காது.

புதிது என்றால் இஷாப்பூர் .315. 1904 முதல் ரைஃபிள் செய்யும் தொழிற்சாலை அது. 2021 அக்டோபரில் பழைய ஆயுதத் தொழிற்சாலை வாரியத்தைக் கலைத்து ஏழு கம்பெனிகளாக்கியபோது கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட கம்பெனிக்குப் போனது. அவர்களுடைய .315-உம் லீ என்ஃபீல்டு வம்சம்தான், ஐந்து தோட்டா மேகசீன். வேலைப்பாட்டில் உங்கள் பி.எஸ்.ஏ.வுக்குப் பக்கத்தில் வராது, குழல் மட்டும் புதுசு. வாங்குவதாக இருந்தால் வரிசையில் இருக்கும் ரைஃபிளை அப்படியே எடுக்காமல், கடைக்காரர் விட்டால் மூன்று நாலைப் பிரித்துப் பாருங்கள். வாய் விளிம்பு வட்டமாக இருக்கிறதா, முன்பார்வை நேராக நிற்கிறதா, கட்டை குழலை எங்கே தொடுகிறது என்று பார்த்து, ஒன்றைப் பொறுக்கலாம். அதே தொழிற்சாலையில் .30-06-உம் செய்தார்கள். அமெரிக்கர்களின் 1906 தோட்டா, குண்டு 0.308, உலகம் முழுக்க நூறு வகைத் தோட்டா உண்டு. தோட்டாவில் தேர்வு வேண்டும் என்பதுதான் உங்கள் ஆசை என்றால் போக வேண்டிய இடம் அது. ஆனால் இங்கே உங்கள் கடையில் என்ன வந்து இறங்குகிறது என்பதைப் பார்த்துவிட்டு ஆசைப்படுங்கள். இன்னொன்று, ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் பெயரில் இரண்டு ஆயுதம்தான், வாரிசாக வந்ததும் அந்தக் கணக்கில் சேரும். ஏற்கெனவே ஒரு பன்னிரண்டு போர் வேட்டைத் துப்பாக்கி இருந்தால் கதவு மூடியாகிவிட்டது. சென்னைக்குள் எல்லாவற்றுக்கும் கமிஷனர் அலுவலகம்தான்.

இனி தோட்டா. புனே பக்கத்துக் கட்கி தொழிற்சாலை 1869-இலிருந்து இருக்கிறது. அந்த ஊரின் பழைய எழுத்துக்கூட்டலான கிர்க்கீயிலிருந்து வந்ததுதான் அடியில் இருக்கும் கே.எஃப். முத்திரை. வேறு கம்பெனி இல்லை என்று வருத்தப்படுகிறீர்கள். தேர்வு இல்லை என்று யார் சொன்னது? லாட் இருக்கிறதே. ஒரே தொழிற்சாலை, ஒரே குண்டு, ஆனால் வேறு வேறு சமயத்தில் நிரப்பிய மருந்து. ஒரு லாட் உங்கள் குழலில் உள்ளங்கைக்குள் விழும், இன்னொன்று அதைவிட இரண்டு மடங்கு சிதறும். கடையில் இரண்டு லாட் இருந்தால் இரண்டிலும் கொஞ்சம் கொஞ்சம் வாங்குங்கள். சாக்கில் மணல் நிரப்பி ரைஃபிளைச் சாய்த்து, லாட்டுக்கு ஐந்து ஐந்தாக மூன்று முறை, தனித்தனிக் காகிதத்தில் சுடுங்கள். நடுவே குழல் ஆற விடுங்கள். எது நன்றாக விழுகிறதோ அதையே, புத்தகம் அனுமதிக்கும் அளவுக்கு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். திறந்த பார்வை வைத்த நூறு வருஷ வேட்டை ரைஃபிள், 50 மீட்டரில் ஐந்தும் ஆறு சென்டிமீட்டருக்குள் விழுந்தால் அதற்குமேல் அதைத் தொந்தரவு செய்யாதீர்கள். 1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை என்ற பேச்சே இல்லை, அது சுடப்போவது காகிதத்தை. போகும் வழியில் தோட்டாவைக் காரின் டேஷ்போர்டில் வெயிலில் காயப்போடாதீர்கள், சூடேறிய மருந்து அழுத்தத்தை ஏற்றும். பாயின்ட் டூ டூ என்ற சின்னத் தோட்டா சுடும் எல்லா ரேஞ்சும் இதைத் தாங்காது, பின்னாலிருக்கும் மண்மேடு போதுமா என்று முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போங்கள்.

வாங்கும்போதே கூட்டின் கழுத்தைப் பாருங்கள். நீளவாக்கில் மயிரிழைபோல வெடிப்பு இருந்தால் அதை ஒதுக்குங்கள். இந்த வெடிப்புக்கு ஆங்கிலத்தில் வைத்த பெயரே நம் மழைக்காலத்தால் வந்தது. வெள்ளைக்காரப் பட்டாளம் இந்தியாவில் மழை முடியும்வரை தோட்டாவைக் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்தது. பருவம் தவறாமல் பித்தளைக் கூடுகள் வெடித்தன, அதனால் பருவ வெடிப்பு என்றார்கள். குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியாவும் பித்தளைக்குள் இறுகிக் கிடந்த இழுவிசையும் சேர்ந்து செய்த வேலை என்று 1921-இல்தான் தெளிவானது. உங்கள் வீட்டில் குதிரை இல்லை, ஆனால் தரை துடைக்கும் அம்மோனியா திரவமும் தோட்டாவும் ஒரே அலமாரியில் இருக்கலாம், பிரித்து வையுங்கள். விசையை இழுத்தும் வெடிக்காத தோட்டா வந்தால், குழலை இலக்குப் பக்கமே வைத்துக்கொண்டு மெதுவாக முப்பது எண்ணுங்கள், அப்புறம் போல்ட்டைத் திறங்கள். பழைய மருந்து சில சமயம் யோசித்துவிட்டு வெடிக்கும். பெரியப்பாவின் பீரோவில் தேதி தெரியாத தோட்டாக்கள் கிடந்தால் அவற்றைச் சுடவும் வேண்டாம், கூவத்தில் போடவும் வேண்டாம். எண்ணி எழுதி, லைசென்ஸோடு கடையிலோ ஸ்டேஷனிலோ கேட்டு முறையாக ஒப்படையுங்கள்.

கடைசியாக, நீங்கள் சுட்ட ஐந்து வெற்றுக் கூடுகளை ரேஞ்சிலேயே விட்டுவிட்டு வந்திருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். லீ ரைஃபிளின் போல்ட் பின்பக்கத்தில் பூட்டிக்கொள்வதால் சுடும்போது கொஞ்சம் இழுபடும், கூடும் சேர்ந்து நீளும். விளிம்புக்கு மேலே ஒரு சென்டிமீட்டர் தள்ளி, சுற்றிலும் பளபளவென்று ஒரு கோடு தெரிகிறதா பாருங்கள். தெரிந்தால் ஒரு ஜெம் கிளிப்பை நிமிர்த்தி, நுனியைச் சின்னக் கொக்கியாக மடக்கி, கூட்டுக்குள் விட்டு அந்தக் கோட்டுக்கு நேரே உட்சுவரைச் சுரண்டிப் பாருங்கள். கொக்கி ஒரு பள்ளத்தில் இடறினால் கூடு அங்கே அறுந்துபோகத் தயாராக இருக்கிறது, போல்ட்டுக்கும் குழலுக்கும் நடுவே விளிம்பு உட்காரும் இடைவெளியைச் சரிசெய்யாமல் அடுத்த தோட்டா சுடக் கூடாது. இடறாவிட்டால் திருகை முடுக்குங்கள், கொதிநீர் விடுங்கள், ஈயத்தைத் தள்ளுங்கள். மைக்ரோமீட்டர் என்ன காட்டியது, பள்ளம் எத்தனை, காகிதத்து ஓட்டை வட்டமா நீளமா என்று மூன்றையும் எழுதுங்கள், புது ரைஃபிள் வேண்டுமா என்பதை அப்புறம் பேசலாம்.